தவணை தவறியவர்கள்

கடன் வாங்கித் தவணை கட்டாதவரைக் குறிக்க வங்கிகள் வைத்திருக்கும் சொல் ‘டிஃபால்ட்டர்’. காசநோய் மருத்துவம் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி, மருந்தைப் பாதியில் நிறுத்திய நோயாளியின் பெயருக்கு நேரே பல பத்தாண்டுகள் எழுதிவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2013இல்தான் அதைத் தன் பதிவுமுறையிலிருந்து நீக்கி, ‘தொடர்பு அற்றுப்போனவர்’ என்ற பொருள்படும் சொல்லை வைத்தது. அதற்குள் அந்தச் சொல் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் தாவி, செவிலியர் வாயிலும் நோயாளிகள் வாயிலும் ஏறிவிட்டது. ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதே கவலைக்குக் காரணம். மருந்து தந்தாயிற்று, நாள் குறித்தாயிற்று, இனி வராதது உன் குற்றம் என்பது அதன் உட்பொருள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தை ஒட்டிய கயெலிட்ஷா என்ற குடியிருப்பில் 2001 முதல் நடந்துவரும் எச்.ஐ.வி. சிகிச்சையின் வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், கடன் பெரும்பாலும் மறுபக்கத்தில் இருப்பது தெரியும். சிகிச்சை முறை மக்களின் நாளுக்கு ஏற்ப வளைந்த காலங்களில் அவர்கள் சிகிச்சையில் நிலைத்தார்கள். அது இறுகிய காலங்களில் கழன்றுபோனார்கள்.

கயெலிட்ஷா என்றால் கோசா மொழியில் ‘புதிய வீடு’ என்று பொருள். அந்த வீட்டைக் கட்டியது அன்பினால் அல்ல. நிறவெறி அரசு 1983இல் அறிவித்த திட்டம் அது. கேப் டவுனின் பழைய குடியிருப்புகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்த கறுப்பின மக்களை, நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, காற்று மணலை வாரி இறைக்கும் சமவெளியில் ஒரே இடத்தில் குடியேற்றுவது அதன் நோக்கம். மேற்குக் கேப் பகுதியில் வேலைக்கு முதலுரிமை கலப்பினத்தவர்க்கே என்ற கொள்கை அப்போது நடப்பில் இருந்தது. கறுப்பினத்தவர் அங்கே உழைக்க வரலாம், வேரூன்றக் கூடாது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச்சீட்டுச் சட்டங்கள் 1986இல்தான் ஒழிந்தன. ஆகவே இங்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு ஊர்கள். உழைப்பது கேப் டவுனில். குழந்தைகளும் பெற்றோரும் மூதாதையர் புதைந்த நிலமும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிழக்குக் கேப் கிராமங்களில். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கயெலிட்ஷாவில் சுமார் நான்கு லட்சம் பேர் இருந்தார்கள். நோய் வருவதற்கு முன்பே, அதற்கான சிகிச்சையில் நிலைப்பதைக் கடினமாக்கும் மூன்று காரணங்களை அரசே இவர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்திருந்தது: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நெடுந்தொலைவு, இரண்டாகப் பிரிந்த குடும்பம், விடியுமுன் தொடங்கும் பயணம்.

எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை பணக்கார நாடுகளில் 1996 முதல் மரணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் ஒருவருக்கு ஓராண்டுக்கான விலை 10,000 முதல் 15,000 அமெரிக்க டாலர் வரை இருந்தது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. மலிவு மருந்துக்கு வழிசெய்யும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த 39 மருந்து நிறுவனங்கள், உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், அந்த ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. அடுத்த மாதமே கயெலிட்ஷாவின் அரசு சுகாதார நிலையங்களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அப்போது நாட்டின் குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே ஐயம் எழுப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சரோ பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துவந்தார். அரசின் பொதுச் சிகிச்சைத் திட்டம் 2004 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தாமதத்தின் விலை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள்.

விலை இறங்கியவுடன் தடை வேறு உருவம் எடுத்தது. ஆப்பிரிக்கர்களுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை, அவர்களால் அதை ஒழுங்காகச் சாப்பிட முடியாது என்ற வாதம் எழுந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையின் தலைவர் ஆண்ட்ரூ நாட்ஸியோஸ் 2001 ஜூனில் இதை வெளிப்படையாகவே சொன்னார். இந்த மருந்துகளைக் குறித்த மணிக்குச் சாப்பிட வேண்டும். ஆப்பிரிக்காவில் பலருக்குக் கடிகாரமே பழக்கமில்லை, காலை, நண்பகல், மாலை, இரவு என்றுதான் அவர்களுக்குப் பொழுது தெரியும் என்பது அவர் பேச்சின் சாரம். இதை ஒருவர் வாய்தவறிச் சொன்னதாக ஒதுக்கிவிட முடியாது. மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்தை எதிர்க்கும் வல்லமை பெற்றுவிடும், அந்த வைரஸ் கண்டம் முழுவதும் பரவும் என்ற அச்சம் மருத்துவ இதழ்களிலும் இருந்தது. அறிவியல் அடிப்படை உள்ள அச்சம்தான் அது. ஆனால் அது யாரைப் பார்த்து எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கிலும் லண்டனிலும் நோயாளிகள் வேளை தவறியபோது, அவர்களுக்கு இன்னும் எளிய மாத்திரை கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். ஆப்பிரிக்கர்கள் வேளை தவறக்கூடும் என்ற ஊகம் எழுந்தபோது, அவர்களுக்கு மருந்தே வேண்டாம் என்றார்கள்.

ஏழைகளைப் பற்றிய இந்த ஐயத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. அது நடந்த இடம் சென்னை. 1956இல் மதராஸ் அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைச் சென்னையில் தொடங்கின. காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு இல்லாமல் மருந்து மட்டும் வேலை செய்யாது என்பது அன்றைய நம்பிக்கை. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்துக்கும் மறு பகுதியினரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டில், போதாத உணவோடு, எழுந்து நடமாடிக்கொண்டிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. அதே மையத்தை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளிகளில் ஒரு பகுதியினர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்பதையும் சிறுநீர்ச் சோதனை வழியாகக் கண்டார். கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறை சென்னையிலும் ஹாங்காங்கிலும் சோதிக்கப்பட்டு உலகுக்குப் போனது அதன் பின்னர்தான். ஆக, ஒரே மையம் உலகத்துக்கு இரண்டு பாடங்களைத் தந்தது: ஏழையால் வீட்டிலிருந்தே குணமாக முடியும் என்பது ஒன்று, ஏழையைக் கண்காணிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பின்னால் வந்த சுகாதாரத் துறைகள் முதல் பாடத்தைச் செலவு குறைக்கப் பயன்படுத்திக்கொண்டு, இரண்டாம் பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டன. ஆறு மாதம், ஓராண்டு என்று முடிந்துவிடும் காசநோய்ச் சிகிச்சைக்கு வகுத்த கண்காணிப்பு முறையே, ஆயுள் முழுதும் தொடரவேண்டிய எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் அச்சாக அமைந்தது.

கயெலிட்ஷாவின் முதல் கணக்கு 2004இல் வெளியானது. சிகிச்சை தொடங்கிய 287 பெரியவர்களின் கணக்கு அது. நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் நலமாக உள்ளவரிடம் 500க்கு மேல் இருக்கும். இவர்களில் நடு எண் 43. பலரைப் போர்வையில் சுற்றித் தூக்கிவர வேண்டியிருந்த நிலைதான் அது. ஆறு மாதம் கழித்து, பத்தில் ஒன்பது பேரின் இரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கியிருந்தது. இரண்டாண்டு முடிவில் நூற்றுக்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் அடங்கியவர்களின் பங்கு அதற்குள் எழுபதுக்கு இறங்கியிருந்ததையும் சொல்ல வேண்டும். அந்தச் சரிவைப் பற்றிப் பின்னால் பேசுவோம். கேப் டவுனிலேயே 289 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. திருப்பிக் கொடுத்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததில், கொடுத்த வேளைகளில் 93 விழுக்காட்டுக்கும் மேல் சாப்பிடப்பட்டிருந்தது தெரிந்தது. வறுமைக்கும் வேளை தவறுவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. நாளுக்கு மூன்று வேளை என்று மருந்தைப் பிரித்துக் கொடுத்ததற்கும் வேளை தவறுவதற்கும்தான் தொடர்பு இருந்தது. 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் வட அமெரிக்காவில் நூற்றுக்கு 55 பேர், சகாராவுக்குத் தெற்கே 77 பேர். கடிகாரத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு செத்துப்போனது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், அது வலுவானதும்கூட. அந்த முதல் நோயாளிகள் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் அல்லவா? உண்மைதான். சுகாதார நிலையத்துக்கு ஒழுங்காக வந்துபோனவர்களையே சேர்த்தார்கள். தன் நோயை ஒருவரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். மருந்தை நினைவூட்டத் துணையாள் ஒருவர் வேண்டும். வீட்டுக்கு ஆள் போய்ப் பார்த்துவருவார். கூடவே ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ என்ற மக்கள் அமைப்பு இருந்தது. 1998 டிசம்பர் 10ஆம் தேதி தொடங்கிய அந்த அமைப்பு, வைரஸ் என்றால் என்ன, எந்த மாத்திரை எந்தப் பக்கவிளைவைத் தரும், ஒரு வேளை தவறினால் உடலுக்குள் என்ன நடக்கும் என்பதைக் கோசா மொழியில் பள்ளிப் பாடம்போல நடத்தியது. பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்கள் தம் சி.டி.4 எண்ணையும் வைரஸ் அளவையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று நெஞ்சில் எழுதிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீதியில் நடந்தார்கள். நெல்சன் மண்டேலாவே 2002 டிசம்பரில் கயெலிட்ஷாவுக்கு வந்து அந்தச் சட்டையை அணிந்தார். ஆனால் 1998 டிசம்பரில்தான் டர்பனை அடுத்த குவாமாஷூவில், தனக்கு எச்.ஐ.வி. உண்டு என்று வெளிப்படையாகச் சொன்ன குகு தலாமினி என்ற பெண்ணை அக்கம்பக்கத்தவரே அடித்துக் கொன்றிருந்தார்கள். அந்த நாட்டில் அந்தச் சட்டையைப் போட எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை இங்கிருந்து அளந்துவிட முடியாது.

பொறுக்கியெடுத்தவர்கள் என்பதை ஒப்புக்கொண்ட பின்னும் கேள்வி தீரவில்லை. அவர்கள் நிலைத்தது அவர்களிடம் இருந்த குணத்தாலா, அவர்களைச் சுற்றி இருந்த ஏற்பாட்டாலா? அடுத்து வந்த ஆண்டுகள் இதற்கு விடை சொல்கின்றன. கயெலிட்ஷாவில் சிகிச்சை தொடங்கியவர்கள் 2001இல் 80 பேர். 2006இல் 2,087 பேர். சேர்ந்தவர்களில் பெண்கள் மூன்றில் இரண்டு பங்கு. 2007 வரை சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் கணக்கை 2010இல் வெளியிட்ட ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். பிந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் முந்தையவர்களைவிட நல்ல உடல்நிலையில் வந்தார்கள். இருந்தும் அவர்கள்தான் அதிகமாகத் தொடர்பு அற்றுப்போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களைவிட எளிதாகக் கழன்றார்கள். அதே தெருக்கள், அதே மொழி, அதே வறுமை. ஐந்தாண்டில் ஒரு மக்கள் கூட்டத்தின் பொறுப்புணர்வு சரிந்துவிடாது. மாறியது எண்ணிக்கை. எண்பது பேரின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடிந்த ஊழியர்களால் ஆயிரக்கணக்கானவர்களின் பெயரைக்கூட நினைவில் வைக்க முடியவில்லை. மருத்துவர் அறை, மருந்தகம், எடை பார்க்கும் மேசை எல்லாவற்றுக்கும் வரிசை நீண்டது.

அந்த வரிசையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் அதில்தான் நிற்கிறது. சுகாதார நிலையம் கதவு திறப்பது காலையில்; ஆனால் அன்றைக்கு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டுமென்றால் இருட்டோடு வந்து வாசலில் நிற்க வேண்டும். கதவு திறந்ததும் முதல் வரிசை, தன் கோப்பை வாங்குவதற்கு. கோப்பு கிடைக்காவிட்டால் காத்திருப்பு. அடுத்து எடை, இரத்த அழுத்தம். அடுத்து செவிலியர். அடுத்து, எல்லாவற்றிலும் நீளமான மருந்தக வரிசை. மாத்திரையைக் கையில் வாங்கும்போது பிற்பகல். நோயாளிக்கோ உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. மாத்திரை வாங்குவது ஒன்றுதான் வேலை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், கட்டட வேலைக்குத் தினக்கூலியாகப் போகும் ஆணுக்கும் இந்த ஒரு நாளின் விலை ஒரு நாள் கூலி. மாதந்தோறும் இதே கதை என்றால், ஏன் அடிக்கடி விடுப்பு எடுக்கிறாய் என்று முதலாளி கேட்பார். காரணம் சொன்னால் நோய் தெரிந்துவிடும். சாகக்கிடந்தபோது ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்பது பெரிதாகத் தெரியவில்லை. மருந்து உடம்பைத் தேற்றி, அந்த உடம்பை மீண்டும் வேலைக்கு அனுப்பிய பிறகுதான் வரிசை பாரமாயிற்று. சிகிச்சையின் வெற்றியே சிகிச்சையில் நிலைப்பதற்கு எதிரியாக மாறிய இடம் இது. இரண்டாம் ஆண்டில் வைரஸ் அடங்கியவர்களின் பங்கு சரிந்ததையும், நல்ல உடல்நிலையில் சேர்ந்தவர்கள் அதிகம் கழன்றதையும் இந்த இடத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

உடல்குறைபாடு உதவித்தொகையிலும் இதே முரண் இருந்தது. 2005இல் அது மாதம் 780 ராண்டு. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய குடியிருப்பில் ஒரு குடும்பமே அதை நம்பி இருந்தது. நோய் முற்றியவர்க்கு அது கிடைத்தது. மருந்து சாப்பிட்டு சி.டி.4 எண்ணிக்கை ஏறியதும், உடல் தேறிவிட்டது என்று நிறுத்தப்பட்டது. கேப் டவுன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கோலி நட்ராஸ், உடல்நலத்துக்கும் வருமானத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மக்களை அரசு நெருக்குகிறது என்று எழுதினார். உதவித்தொகைக்காகப் பெருந்திரளாக மருந்தை நிறுத்தினார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் தேறிவந்த ஒருவரை அரசு வரவேற்ற விதம் அதுதான்.

வரிசையைக் குறைத்தால் நிலைப்பார்களா என்பதைக் கயெலிட்ஷாவே சோதித்துப் பார்த்தது. 2007இல் சைட் பி பகுதியின் உபுண்டு சுகாதார நிலையத்தில், வைரஸ் அடங்கி நலமாக இருந்தவர்களை 25, 30 பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும். மருத்துவர் வரமாட்டார், பயிற்சி பெற்ற சமூக ஊழியர் ஒருவர் நடத்துவார். எடை பார்ப்பார், இருமல் உண்டா, இரவில் வியர்க்கிறதா என்று கேட்பார், சிறிது நேரம் பேசுவார்கள். முன்கூட்டியே ஒவ்வொருவர் பெயரிலும் கட்டிவைத்த மருந்துப் பையைப் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் வெளியே. இரத்தச் சோதனைக்கும் செவிலியரைப் பார்ப்பதற்கும் ஆண்டில் ஓரிரு முறை போதும். வர முடியாதவர் தன் பையை வாங்கிவர வேறொருவரை அனுப்பலாம் என்ற சலுகையும் வந்தது. நாற்பது மாதக் கணக்கு 2013இல் வெளியானது. குழுவில் சேர்ந்தவர்களில் 97 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தார்கள். சேரத் தகுதி இருந்தும் பழைய வரிசையிலேயே நின்றவர்களில் 85 விழுக்காட்டினர்.

இந்தக் கணக்கையும் ஐயுற வேண்டும். குழுவில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஒழுங்கானவர்கள், ஆகவேதான் நிலைத்தார்கள் என்று சொல்ல இடமிருக்கிறது. ஜோகனஸ்பர்க்கில் பின்னர் சீட்டுக் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தபோது, குழுக்களிலிருந்து இரண்டாண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியேறியிருந்தார்கள். வீட்டுக்கு அருகே கூடிய குழுக்களில் வெளியேற்றம், சுகாதார நிலையத்தில் கூடிய குழுக்களைவிட அதிகமாகவே இருந்தது. அருகாமை ஒன்றே மருந்தாகாது என்று அது காட்டுகிறது. ஆனால் அந்த வெளியேற்றத்தில் ஒரு பெரும் பகுதி, குறித்த நாளைத் தவறவிட்டவரைக் குழுவிலிருந்து நீக்கிப் பழைய வரிசைக்கே திருப்பி அனுப்பும் விதியால் வந்தது. வரிசையைத் தவிர்க்கக் கண்டுபிடித்த ஏற்பாடு, தவறியவருக்கு அந்த வரிசையையே தண்டனையாக வைத்தது. ஆகவே ஜோகனஸ்பர்க் கணக்கு என் வாதத்தைச் சாய்க்கவில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் இறுகிய விதி ஆட்களை உதிர்க்கும் என்பதையே அது சொல்கிறது.

வரிசையைவிட வெட்கம்தான் பெரிய காரணம் என்போரும் உண்டு. கொடுக்கும் மாத்திரைப் புட்டியின் சீட்டைக் கிழித்துவிட்டு, பஸ்ஸில் போகும்போது மாத்திரை உருண்டு சத்தம் எழுப்பாதபடி வேறு பையில் மாற்றிக் கட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றித் தென்னாப்பிரிக்க ஆய்வுகள் பேசுகின்றன. கணவனுக்குத் தெரியாமல் மாவுப் பாத்திரத்துக்குள் ஒளிக்கும் மருந்தை எத்தனை நாள் வேளை தவறாமல் சாப்பிட முடியும்? வெட்கம் உண்மை, அதன் வேதனையும் உண்மை. ஆனால் வெட்கத்தை வரிசையிலிருந்து பிரித்துப் பேச முடியாது. பல சுகாதார நிலையங்களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தனி வாசல், தனி பெஞ்சு, வேறு நிறக் கோப்பு. அந்த பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரைத் தெருவில் பாதிப் பேர் பார்த்துவிடுவார்கள். மாத்திரைகளும் அப்படித்தான். 2004 முதல் பொதுத் திட்டத்தில் கொடுத்த ஸ்டாவுடின் மலிவானது. ஆனால் அது கன்னத்திலும் கைகாலிலும் உள்ள கொழுப்பைக் கரைத்து, முகத்தைப் பார்த்தாலே நோய் தெரியும்படி செய்தது. பாதங்களில் எரிச்சலையும் தந்தது. பணக்கார நாடுகள் அதை ஒதுக்கிய பின்னும் இங்கே 2010 வரை அதுதான் முதல் மருந்து. அதை நிறுத்தியவரைப் பொறுப்பற்றவர் என்று எப்படிச் சொல்வது? 2013 ஏப்ரலில் மூன்று மருந்தையும் ஒன்றாக்கிய, நாளுக்கு ஒரே மாத்திரை வந்தது. வெட்கத்தைப் போக்க அது போதவில்லை. ஒளித்துவைக்க வேண்டியதைச் சிறிதாக்கியது.

இனி ஊருக்குப் போவது. டிசம்பர் நடுவில் கேப் டவுனின் கட்டட வேலைகள் நிற்கும். பஸ்களும் வேன்களும் இரவோடு இரவாகக் கிழக்குக் கேப் நோக்கிப் புறப்படும். சாவு, கல்யாணம், பிள்ளைகளின் சுன்னத்துச் சடங்கு என்று நடுவிலும் பயணம் உண்டு. இரண்டு மாத மருந்து கையில் இருந்தால், திரும்பி வரும் நாள் தள்ளிப்போனால் மருந்து தீரும். கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனால் மாற்றுக் கடிதம் எங்கே என்று கேட்பார்கள். கடிதம் இல்லாமல் மருந்து இல்லை. திரும்பிக் கயெலிட்ஷா வந்தால், நாள் தவறியது ஏன் என்று திட்டு. திட்டுக்குப் பயந்தே பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். மக்களை இரண்டு ஊர்களுக்கு நடுவே வாழவைத்தது அரசின் சட்டம். மருந்தோ ஒரே ஊரில் நிலையாக வாழ்பவரை நினைத்து வகுக்கப்பட்டது. கயெலிட்ஷாவின் குழுக்கள் டிசம்பரில் நான்கு மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கியது இதைப் புரிந்துகொண்டதால்தான். நாட்டின் பெரும்பகுதிக்கு இந்தச் சிறு சலுகை வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயிற்று. இதற்கிடையில் கேப் டவுனிலிருந்து கயெலிட்ஷாவுக்கு ஓடிய ரயில் 2019இல் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஓடவில்லை; வேலைக்கும் சுகாதார நிலையத்துக்கும் ஒரே நாளில் போய்வரும் வழி இன்னும் குறுகியது.

குடி, அசட்டை, ஆண்களின் வீம்பு ஆகியவற்றுக்குப் பங்கே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆண்கள் தாமதமாக வருகிறார்கள், சீக்கிரம் விட்டுப்போகிறார்கள். குடிப்பவர் வேளை தவறுகிறார். ஆனால் குடிக்காத, அசட்டையில்லாத ஆயிரக்கணக்கானவர்களும் கழன்றுபோயிருக்கிறார்கள். விட்டவர்கள் அப்படியே போய்விடுவதுமில்லை. 2013, 2014 ஆண்டுகளில் கயெலிட்ஷாவில் சிகிச்சையில் இருந்த ஏறக்குறைய நாற்பதாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டாண்டுக்குள் கால் பங்கை நெருங்கும் அளவினர் ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சையிலிருந்து விலகியிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கயெலிட்ஷாவிலேயே திரும்ப வந்து சேர்ந்தார்கள். விட்டவர், இருப்பவர் என்று இரண்டு இனமில்லை. ஒரே மனிதர்தான் ஆயுளில் பல முறை உள்ளே வருகிறார், வெளியே போகிறார். 2016 செப்டம்பர் முதல் சி.டி.4 எண்ணிக்கை பாராமல், தொற்று தெரிந்த எல்லாருக்கும் தென்னாப்பிரிக்கா சிகிச்சை தருகிறது. நோயின் வலியை ஒருநாளும் அறியாத இருபது வயதுப் பெண்ணுக்கு முன்னால் ஐம்பது ஆண்டு மாத்திரை காத்திருக்கிறது. ஐம்பது ஆண்டில் வேலை மாறும், ஊர் மாறும், கைக்குழந்தை வரும், மனம் சோரும். ஒரு முறைகூடத் தவறாதவரை மட்டும் ஏற்கும் சிகிச்சை முறை அவருக்கு உதவாது. திரும்பி வருபவரைத் திட்டாமல் சேர்த்துக்கொள்வதற்கென்றே தனி ஏற்பாட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் கயெலிட்ஷாவில் பிந்தைய ஆண்டுகளில் தொடங்கியது இந்த அறிவால்தான்.

தென்னாப்பிரிக்காவில் இன்று ஏறத்தாழ 80 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள், 60 லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையினர் மருந்து சாப்பிடுகிறார்கள். தொற்று இருப்பது தெரிந்தும் சிகிச்சையில் இல்லாத 11 லட்சம் பேரை 2025 முடிவுக்குள் சேர்த்துவிடுவது என்று சுகாதார அமைச்சகம் அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. முன்பு மருந்து சாப்பிட்டு நடுவில் நிறுத்தியவர்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். ஆனால் அதற்கு முந்தைய மாதம் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. செலவில் அந்த உதவியின் பங்கு அதுவரை ஆறில் ஒன்றாக இருந்தது. மாத்திரைகளை நாடு பெரும்பாலும் தன் பணத்திலேயே வாங்குகிறது. அந்த உதவிப் பணத்தில் சம்பளம் வாங்கியவர்களில் பலர் ஆலோசகர்கள், பதிவேடு பார்ப்பவர்கள், குறித்த நாளில் வராதவருக்குப் போன் செய்து, வீடு தேடிப் போய்க் கூப்பிட்டு வந்தவர்கள். அலமாரியில் மாத்திரை இருக்கிறது. வேலை இழந்தவர்கள் அந்தக் கூப்பிடுகிறவர்கள்.